கல்யாண வீடியோக் கணினிக்குத் தண்ணீர்க் குழாய் போட்ட கதை

1. அட்டைப்பெட்டி

எங்கள் கணினிக் கடைக்கு முதன்முதலாக ஒரு வாட்டர்கூலிங் வேலை, அதாவது கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கிற வேலை, வந்ததற்குக் காரணம் ஒரு அட்டைப்பெட்டி.

ஜெர்மனியில் ஹம் நகர ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது கடை. முதலாளி பிறிங்க்மனும் நானும்தான். முன்பக்கம் வாடிக்கையாளரோடு பேசுவது அவர். பின்பக்கத்து ரிப்பேர் மேசை என்னுடையது. வைரஸ் பிடித்த மடிக்கணினி, கோப்பி குடித்த கீபோர்டு, பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கணினியைக் குறை சொல்லும் ஓய்வூதியக்காரர் என்று எல்லாம் அந்த மேசைக்கு வரும். ஊரிலுள்ள தமிழ்ச் சனத்துக்கு நான் 'கொம்பியூட்டர் ரஞ்சி அக்கா'.

ஒருநாள் காலையில் மஞ்சுளா, ஜெர்மன் கிழவிமார் சந்தைக்கு இழுத்துப் போகும் சில்லு வைத்த பையொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே போர்வையால் சுற்றிய ஒரு பெரிய கணினி. மஞ்சுளா கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தமிழ்க் கல்யாணம், பூப்புச் சடங்கான சாமத்திய வீடு நடந்தாலும் படம் கடைசியில் அவளுடைய கணினிக்குத்தான் வந்து சேரும்.

அவளுடைய கணவன் குகன், கம்பி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து படுப்பான். அவன் படுக்கிற நேரம்தான் மஞ்சுளா வேலையைத் தொடங்குகிற நேரம். வீட்டு வரவேற்பறை முழுக்கக் கமெராவும் லைட்டும் ஸ்டாண்டும் என்பதால் கணினி இருந்தது படுக்கையறையில். படத்தை வெட்டி ஒட்டி முடித்துக் கடைசியாக ஒரே கோப்பாக மாற்றும்போது கணினிக்கு மூச்சு வாங்கும். உள்ளிருக்கும் மின்விசிறிகள் நெல்லுக் குத்துகிற மில்லைப் போல இரையும். அந்த இரைச்சல் சில நாளில் மத்தியானம் வரை நிற்காது.

அந்தக் கிழமை குகனுக்குப் பொறுக்க முடியாமல் போய்விட்டது. மஞ்சுளா சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து, தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கணினிக்கு மேல் கவிழ்த்துவிட்டான். போதாததற்கு அதன்மேல் ஒரு தலையணை. அறை அமைதியானது. அவன் நித்திரையாகிவிட்டான். பெட்டிக்குள் சூடு ஏறி ஏறி, கணினியும் தன்பாட்டில் நித்திரையாகிவிட்டது. மஞ்சுளா திரும்பி வந்தபோது கணவன் அடித்துப் போட்டது போல நித்திரை, கணினி செத்த பிணம், யாரோ ஒரு பிள்ளையின் கல்யாணம் தாலி கட்டுகிற இடத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது.

"அக்கா, இது செத்துப் போச்சோ?" என்று கேட்டாள்.

சாகவில்லை. சூடு எல்லை தாண்டினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் வசதி அதற்கு இருந்தது. நான் தூசி தட்டி, திரும்ப ஓடவிட்டுக் காட்டினேன். கொஞ்சம் பிளாஸ்டிக் வாசம் வந்ததைத் தவிர வேறு குறையில்லை. ஆனாலும் அவள் போகவில்லை. கதிரையில் இருந்தபடியே மிச்சத்தையும் சொன்னாள். குகன் போன மாதம் ஃபோர்க்லிஃப்டில் கண்ணயர்ந்து, கம்பிச் சுருள் அடுக்கொன்றில் கொண்டுபோய் மோதியிருக்கிறான். ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவனுடைய மைஸ்டர், அதாவது பகுதிப் பொறுப்பாளர், இன்னொரு முறை இப்படி நடந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

"அவருக்கு நித்திரை வேணும், எனக்கு வேலை வேணும். ரெண்டும் ஒரே அறைக்குள்ளை கிடக்குது அக்கா," என்றாள்.

2. முதலாளியின் இரண்டு சொல்

நான் என் மேசையறிவைச் சொன்னேன். பெரிய காற்றுக் குளிர்விப்பான் ஒன்று போட்டால் ப்ராசசர் அமைதியாகும், ஆனால் அதிகம் கத்துவது கிராபிக்ஸ் கார்டு, அதற்கு அது உதவாது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கைபேசியை நீட்டினாள். கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் பளிங்குக் குழாய்கள் மூலைக்கு மூலை வளைந்து போயின. அதற்குள் மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர். சுற்றிவர லைட்.

"இப்பிடித் தண்ணி விட்டால் சத்தம் இல்லையாம். படம் பாக்க வீட்டை வாற சனமும் பாத்து வாயைப் பிளக்கும்."

பிறிங்க்மனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என் தோளுக்கு மேலால் எட்டி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் மஞ்சுளாவிடம் தன்னுடைய இரண்டு சொல்லைச் சொன்னார்: "கைன் ப்ரொப்ளேம்." ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம்.

இந்த இரண்டு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய தட்டச்சுப் பொறியை இணையத்தோடு இணைக்க முடியுமா என்று கேட்ட ஒரு பாதிரியாருக்கும் அவர் இதையேதான் சொன்னார். அந்தப் பாதிரியார் நல்ல மனிதர், ஆனால் ஒரு மாதமாக என்னைத்தான் தேடி வந்தார்.

மஞ்சுளா போனபிறகு பிறிங்க்மனிடம், இதற்கு முன்னர் எத்தனை வாட்டர்கூலிங் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தான் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவன் என்றும், குழாய்க்குள்ளால் தண்ணீர் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

வேலை முடியும்வரை குகன் பகலில் தன் அண்ணன் வீட்டுச் சோபாவில் படுப்பது என்று ஏற்பாடு. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகாத வயதில் மூன்று பிள்ளைகள். ஆகவே அவசரமும் இருந்தது.

3. பாவற்காய்

தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மேல் செம்புக் கட்டைகள் இருக்கும். பம்ப் ஒரு சின்னத் தொட்டியிலிருந்து அவற்றுக்குள்ளால் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே பெரிய விசிறிகள் மெதுவாகச் சுற்றி அதை ஆற்றும். ஆறிய தண்ணீர் திரும்பத் தொட்டிக்கு வரும். இவ்வளவுதான். பம்பும் ரேடியேட்டரும் பெட்டியிலிருந்து எடுத்ததும் வேலை செய்யும். முதல்முறை செய்கிறவர் விழுகிற குழி, இவற்றை இணைக்கிற குழாயும் அதைப் பிடித்து நிறுத்துகிற ஃபிட்டிங்கும்தான்.

மஞ்சுளா கேட்ட பளிங்குக் குழாய், அக்ரிலிக் என்ற விறைப்பான பிளாஸ்டிக். கம்பு மாதிரி நேராக வரும். நாம்தான் ஹீட் கன்னால் சூடாக்கி வளைக்கவேண்டும். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு சிலிக்கோன் கயிற்றை விடவேண்டும். இதை விளக்கும் வீடியோவில் ஒரு பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டே வளைத்தான்.

நான் வளைத்த முதல் குழாய் சூடு காணாமல் முறிந்தது. இரண்டாவதில் சூடு கூடிக் குமிழ் குமிழாகக் கிளம்பியது. மூன்றாவது, உண்மையாகவே அழகான வளைவு. ஆனால் மேலே போகவேண்டியது கீழே போயிருந்தது. பிறிங்க்மன், தான் செய்து காட்டுவதாகச் சொல்லி ஹீட் கன்னை வாங்கினார். அடுப்பில் சொசேஜ் சுடுகிறவரைப் போலக் குழாயை உருட்டி உருட்டிச் சுட்டார். கையில் வந்ததைப் பார்த்தேன். கைபேசியில் பாவற்காயின் படத்தை எடுத்துக் காட்டினேன். எங்கள் ஊர் மரக்கறி, இதே வடிவம் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. ருசியாக இருக்குமா என்று கேட்டார். கைக்கும், ஆனால் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, நல்லதென்று சொல்லுவார்கள் என்றேன். அவருக்குச் சீனி உண்டு. ஒன்று கொண்டுவரச் சொன்னார். அடுத்தநாள் பொரிக்காமல் பச்சையாகவே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, குழாயே பரவாயில்லை என்றார்.

வாங்கிய அக்ரிலிக் முழுவதும் முடிந்தபோது எனக்குப் புத்தி வந்தது. மஞ்சுளா அடிக்கடி ஹார்ட் டிஸ்க் மாற்றுகிறவள். அக்ரிலிக் குழாய் போட்ட கணினியில் ஒரு சின்னச் சாமானைக் கழற்றவேண்டுமென்றாலும் தண்ணீரை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டி வரும். மென்குழாய் அப்படியில்லை. இழுத்தால் வரும், வளைத்தால் வளையும், அளவு கொஞ்சம் பிழைத்தாலும் மன்னிக்கும். முதல்முறை செய்கிறவருக்கு மன்னிக்கிற சாமான்தான் வேண்டும்.

4. பத்தும் பதினாறும்

மென்குழாயிலும் இரண்டு வகை. ஒன்று கண்ணாடி போன்ற பிவிசி. புதிதில் அழகாகத்தான் இருக்கும். நாள் போகப்போக அதை மெதுமையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து, குழாய் கஞ்சித்தண்ணீர் நிறமாகும். கசிந்தது செம்புக் கட்டையின் நுண்ணிய வாய்க்காலில் போய் அடைத்துக்கொள்ளும். சாயம் கலந்த தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். மற்றது கறுப்பு ரப்பர்க் குழாய். பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வருடக்கணக்கில் தொல்லை தராமல் கிடக்கும். அதற்குள் நிறமில்லாத தண்ணீரைத்தான் விடுவது.

நான் கறுப்புத் துண்டொன்றைக் கொடுத்தபோது மஞ்சுளா அதை இரண்டு விரலால் பிடித்தாள், செத்த எலியைத் தூக்குகிறவளைப் போல.

"கல்யாண வேலை செய்யிற மெஷினுக்குக் கறுப்போ அக்கா? சனம் வந்து பாக்கிற இடம். பொம்பிளையின்ரை தாய் பாத்தால் என்ன நினைப்பா?"

"உம்மடை கமெரா என்ன நிறம்?" என்று கேட்டேன்.

கமெரா கறுப்பு, லைட் ஸ்டாண்ட் கறுப்பு, வயரெல்லாம் கறுப்பு. அதற்காக இதுவரை ஒருவரும் கல்யாணத்தை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். குழாய் கறுப்பென்றால் ஃபிட்டிங் தங்க நிறமாக இருக்கவேண்டும். அது கஷ்டமே இல்லை. ஃபிட்டிங் எல்லாம் உள்ளுக்குப் பித்தளைதான், மேல் பூச்சை விரும்பிய நிறத்தில் எடுக்கலாம்.

அடுத்தது அளவு. மென்குழாய்க்கு ஒரு அளவில்லை, இரண்டு அளவு. உள்துவாரம் பத்து மில்லிமீட்டர், வெளிச்சுற்று பதினாறு என்றால், ஃபிட்டிங்கும் பத்து-பதினாறாக இருக்கவேண்டும். ஃபிட்டிங்கின் முளை குழாய்க்குள் போகும், அதன் வளையம் வெளியிலிருந்து குழாயை நெரிக்கும். உள்ளும் வெளியும் சரியாக இருந்தால்தான் பிடி. இதை நான் முதலாளிக்குச் சொல்லித்தான் ஓடர் கொடுக்கச் சொன்னேன். அவருடைய காதில் பதினாறு மட்டும் விழுந்திருக்கிறது. வந்திறங்கிய குழாய் பதினொன்று-பதினாறு.

ஒரு மில்லிமீட்டர்தானே, பண்ணையில் அதை ஒரு அளவாகவே எண்ணமாட்டோம் என்றார். நான் குழாயைச் செருகி, வளையத்தைக் கடைசிவரை திருகி, அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். இழுத்தார். குழாய் சுகமாகக் கழன்று வந்தது. அதற்குப் பிறகு உள்ளே போய்ச் சரியான குழாய்க்கு ஓடர் போட்டார்.

5. குகனும் ஸ்பானரும்

பூட்டுகிற நாளன்று குகன் ஷிஃப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்துவிட்டான். கண் இரண்டும் செவ்வரத்தம்பூச் சிவப்பு. அண்ணன் வீட்டில் நித்திரை எப்படி என்று கேட்டேன். மூத்த பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு யாரோ விசில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. மஞ்சுளாவும் வந்திருந்தாள். அவள் கதிரையில் இருந்தபடி எங்களைக் கைபேசியில் படம் பிடித்தாள்.

ஃபோர்க்லிஃப்டுக்கு மாறுவதற்கு முன் குகன் அதே தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய்க் குழாய் மாற்றுகிற பிரிவில் இருந்தவன். "குழாயெண்டால் எனக்குத் தெரியும் அக்கா," என்றுதான் தொடங்கினான். தெரிந்தும் இருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் நான் விட்டிருந்த வளைவு இறுக்கம், நாளடைவில் குழாய் மடிந்து தண்ணீர் தடைப்படும், கொஞ்சம் நீளமாக வெட்டிச் சுற்றி விடுங்கோ என்றான். சரிதான். பிறகு பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"தண்ணி விடுற வழி வைச்சிருக்கிறீங்கள். எடுக்கிற வழி எங்கை?"

நான் பம்ப், தொட்டி, கட்டைகள், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் போகவும் வரவும் இரண்டு ஃபிட்டிங் என எண்ணி வைத்திருந்தேன். அடியில் தண்ணீரை இறக்க ஒரு வால்வு வேண்டுமென்பது எனக்குத் தோன்றவேயில்லை. குகன் சிரித்துக்கொண்டு ஜாக்கெட் பைக்குள் கையை விட்டான். பழைய வேலைக்கால வால்வு ஒன்று வெளியே வந்தது. அதைத் திருகுகிற புரி, அதாவது மரை, கால் அங்குலம். எங்கள் சாமான்களிலும் கால் அங்குலப் புரிதான். மூவரும் மகிழ்ந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. யாரோ ஒருவருக்கு பிரிண்டர் கடதாசியைத் தின்கிறதாம். நான் அவரோடு பேசிக்கொண்டு நின்றபோது, குகன் வால்வைத் தொட்டியின் அடிவாயில் வைத்துத் திருகியிருக்கிறான். இரண்டு சுற்றுப் போய் இறுகிவிட்டது. இறுகினால் அவன் பழகிய இடத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். பையிலிருந்து ஸ்பானரை எடுத்தான்.

விஷயம் இதுதான். அவனுடைய வால்வின் புரி நுனியில் மெலிந்து போகப்போகத் தடிக்கிற வகை. இரும்புக்குள் ஆப்பு மாதிரி இறுகித்தான் அது எண்ணெயைத் தடுக்கும். எங்கள் ஃபிட்டிங் நேர்ப்புரி. அதில் தண்ணீரைத் தடுப்பது புரியல்ல, அடியிலிருக்கும் ரப்பர் வளையம். அதற்குக் கைப்பலம் போதும். இரண்டும் கால் அங்குலம்தான், இரண்டும் வாயில் பிடிக்கும், ஆனால் ஒன்று மற்றதன் இடத்துக்கு உதவாது. தொட்டியோ இரும்பில்லை, அக்ரிலிக்.

பப்படம் நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். தொட்டியின் அடியிலிருந்து மேல்வரை ஒரு கோடு ஓடியிருந்தது.

முன்பக்கத்திலிருந்து பிறிங்க்மன் வந்து பார்த்தார். என் அனுபவத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு சொல்லை அவர் சொல்லவில்லை. குகன் ஸ்பானரைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மஞ்சுளா கைபேசியைக் கீழே வைத்தாள். நான் அவள் ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழும்பிப் போய், கணவனுடைய கையிலிருந்த ஸ்பானரை மெல்ல வாங்கி, தன் கைப்பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்து மூடினாள். அந்த ஸ்பானரை அவன் அதற்குப் பிறகு கண்ணால் காணவில்லையாம்.

"நான் அண்ணை வீட்டிலையே கிடக்கிறன் அக்கா," என்றான் குகன். "விசில் பழகிவிடும்."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முந்திய இரவும் வண்டியில் கண் சொருகியதாக, இரண்டுமுறை இறங்கி முகம் கழுவிவிட்டு ஓட்டியதாகப் பிறகு மெல்லிய குரலில் சொன்னான். அப்போதுதான் எனக்கும் இது ஒரு கணினிப் பெட்டியின் அழகு சம்பந்தப்பட்ட வேலையல்ல என்பது உறைத்தது.

பிறிங்க்மனுக்கு நாங்கள் பேசியது விளங்கவில்லை, ஆனால் முகங்கள் விளங்கின. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து நகரமான டோர்ட்முண்டுக்குக் கார் எடுத்தார். அங்கே ஒரு கடையில் அதே தொட்டி இருந்தது. நேர்ப்புரி வால்வும் வாங்கி வந்தார். குகனைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. குழாய் ஓடரில் தான் செய்ததை நினைத்தாரோ என்னவோ.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். ஃபிட்டிங் பூட்டுகிற மேசையில் ஸ்பானர் கிடையாது. ரப்பர் வளையம் போய்ப் படியும்வரை கையால் திருகுவது, பிறகு ஒரு சிறிய இறுக்கு, அத்தோடு நிறுத்துவது. இன்றைக்கும் அதுதான் சட்டம்.

6. சமையலறைக் கடதாசி

பூட்டி முடிந்ததும் உடனே கணினியைப் போடக்கூடாது. முதலில் கசிவுச் சோதனை. மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் போகாமல், வேறொரு பவர் சப்ளையிலிருந்து பம்புக்கு மட்டும் கொடுத்துத் தண்ணீரை ஓடவிடவேண்டும். கசிந்தாலும் ஒன்றும் எரியாது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழும் சமையலறைக் கடதாசி வைத்தேன். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விழுந்தாலும் ஒளிக்க முடியாது.

பம்ப் வெறுவாயாக ஓடக்கூடாது. தொட்டியை நிரப்பி, சில நொடி ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப நிரப்பி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டும். உள்ளே மாட்டிய காற்று வயிறு பொருமின மாதிரிக் குடுகுடு என்றது. பெட்டியை இரண்டு பக்கமும் சரித்தால் காற்று மேலே வந்துவிடும் என்றான் குகன். அதுவும் சரி. ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் பிறிங்க்மனும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினார்கள்.

ஆட்டிக்கொண்டிருந்த பிறிங்க்மன் திடீரென்று நிறுத்தி, பெட்டிக்குள் பார்த்தபடி ஜெர்மன் மொழியில் சொன்னார்: "அச்சாக எங்கள் அப்பாவின் பால் கறக்கும் மெஷின்." கறுப்பு ரப்பர்க் குழாய், பித்தளை மூட்டு, உள்ளே ஓடுகிற சத்தம் எல்லாம் அப்படியே என்றார். மஞ்சுளாவுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிய கணினியை மாட்டுக்கொட்டிலோடு சேர்த்துவிட்டாரே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவளோ முகம் மலர்ந்தாள்.

"பாலெண்டால் நல்ல சகுனம்தானே அக்கா. மங்கல காரியத்துக்குப் பொருந்தும்," என்றாள்.

கறுப்புப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் குகன் கையைக் காட்டினான். ரேடியேட்டருக்குக் கீழே கடதாசி நனைந்திருந்தது. பம்பை நிறுத்தி, டோர்ச் அடித்து, ஒவ்வொரு வளையமாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்திருந்தது. கடதாசியை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். எங்கள் தண்ணீருக்கு நிறமில்லை. இது பழுப்பு, கோப்பி வாசம். பிறிங்க்மன் தன் கோப்பிக் கரண்டியைத் துடைத்த கடதாசியை மறந்துபோய் அங்கே வைத்திருக்கிறார். சோதனை முடியும்வரை அவரைப் பின்பக்கம் வரவேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். முதலாளியை அவருடைய சொந்தக் கடையில் தள்ளி நிற்கச் சொன்னது அதுவே முதல் தடவை. போய்விட்டார்.

அடுத்தநாள் வரை ஓடவிட்டோம். எல்லாக் கடதாசியும் வெள்ளை. இருவரும் திரும்ப வந்ததும் கணினியைப் போட்டு, மஞ்சுளாவின் பெரிய படமொன்றை மாற்றக் கொடுத்தேன். அவள் காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டாள்.

"ஓடுதோ?"

"ஓடுது."

நான் கணினியை நிறுத்தியதும் குகன் பெட்டியைப் போர்வையால் சுற்றத் தொடங்கினான், வீட்டுக்குக் கொண்டுபோக.

7. குறட்டை

கொஞ்ச நாள் கழித்து மஞ்சுளா தொலைபேசி எடுத்தாள். எங்கேயோ ஒழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒழுகவில்லை. அவள் கேட்டது வேறு.

"அக்கா, அந்தப் பழைய ஃபேனுகளை எறிஞ்சு போட்டீங்களோ?"

விஷயம் என்னவென்றால், குகன் இப்போது நித்திரை கொள்கிறான். காலையில் வந்து விழுந்தால் மத்தியானம் தாண்டித்தான் எழும்புகிறான். வண்டியில் கண் சொருகுவது நின்றுவிட்டது. மைஸ்டர் அவனைப் புதிதாக வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். எல்லாம் நல்லது. ஆனால் குகன் குறட்டை விடுகிறவன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவன் இரவில் வேலைக்குப் போய்ப் பகலில் படுக்கிறவன், பகலில் எப்போதும் கணினி இரையும். அந்த இரைச்சலுக்குள் இந்த இரைச்சல் இத்தனை வருடமும் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

அவள் சொன்னதில் எனக்குச் சிரிப்பு அடங்காத இடம் ஒன்று உண்டு. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற இடத்தை எடிட் பண்ணிக்கொண்டிருந்தபோது, ஐயரின் மந்திரத்துக்குப் பின்னால் ஏதோ உறுமுகிற சத்தம். மைக்கில் பிழை என்று நினைத்து ஒலித்தடத்தைக் கழற்றிச் சுத்தப்படுத்தினாளாம். உறுமல் போகவில்லை. இரண்டாவது மைக்கின் ஒலியைப் போட்டாள். அதிலும் உறுமல். மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியதா என்று மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குப் போன் பண்ணியே கேட்டுவிட்டாள். கடைசியில் படத்தை நிறுத்திப் பார்த்தாள். படம் நின்றது, உறுமல் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பின்னால் கட்டிலில் குகன்.

ஃபேனைத் திரும்பப் போடுவது புத்தியில்லை என்று சொல்லி, காதை முழுக்க மூடுகிற நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தேன். அடுத்த கிழமை ஹார்ட் டிஸ்க் வாங்க வந்தவளிடம் எப்படி இருக்கிறதென்று விசாரித்தேன்.

"நல்லது அக்கா. ஆனால் ஒரு காதிலைதான் போடுறன்," என்றாள். "மற்றக் காதிலை அவர் நித்திரை கொள்ளுற சத்தம் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதல் தடவைக்கு மென்குழாய் எடுங்கள். குழாயின் இரண்டு அளவையும் ஃபிட்டிங்கின் இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரி நேரா மெலிந்ததா என்று பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள். தண்ணீர் எடுக்கிற வழியை முதலே யோசியுங்கள். இதெல்லாம் ஒரு வேலையில் பழகிவிடும். பழக எனக்கு அதிக காலம் எடுத்தது வேறொன்று. கணினி சத்தம் போடுகிறது என்று யாராவது வந்தால், இப்போது நான் பெட்டியைத் திறக்க முன்னர் அந்த அறையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.